எஞ்சினில் புதுச் சத்தமா? ஸ்பானரை எடுக்க முதல் காதைக் கொடுங்கள்

"அண்ணை, மோட்டச்சைக்கிளில ஒரு சத்தம் வருது."

"எப்ப வருது தம்பி?"

"டக டக டக எண்டு வருது."

"எப்படி எண்டு கேக்கேல்ல. எப்ப எண்டு கேட்டனான்."

"அது... ஓடேக்க."

பதில் அதோடு நின்றுவிடும். சத்தத்தை வாயால் செய்து காட்ட எல்லாருக்கும் வரும்; சிலர் தவில் கச்சேரியே வைத்துவிடுவார்கள். ஆனால் அதே 'டக டக' வால்வைத் திறக்கும் ரப்பெட்டிலும் வரும், சைலன்சர் மூட்டிலும் வரும், பிளக் தொப்பியிலும் வரும், ஒரு பக்கம் கழன்று தொங்கும் நம்பர் தகட்டிலும் வரும். ஆளைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, ஓடிச் சூடான பிறகா? நின்றபடியா, ஓடும்போது மட்டுமா? கிளச்சைப் பிடித்தால் மாறுகிறதா? அக்சிலேட்டரைத் திறக்கும்போதா, விடும்போதா? இந்த நாலுக்கும் பதிலோடு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் எழுதுவது இங்கே யாழ்ப்பாணத் தெருவில் அதிகம் ஓடும் 90 முதல் 150 சீசீ வரையான, ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிரும், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி. ஸ்பிளெண்டர், பிளாட்டினா, டிஸ்கவர், பல்சர், பழைய எம்.டி. 90 எல்லாம் இதற்குள் அடங்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பல வருடமாகப் புது மோட்டச்சைக்கிள் என்ற பேச்சே இல்லை. பத்து, பதினைந்து வயதான எஞ்சின்களைத்தான் தேற்றித் தேற்றி ஓடினோம். சத்தங்களும் அதற்கேற்றபடி பெருகின.

உடனே நிறுத்த வேண்டியவை

வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமான 'டொம் டொம்', இரும்பை இரும்பு அரைக்கிற 'கர்ர்ர்', ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி இழுவை குறைவது. இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "சந்தி மட்டும் போவம்" என்ற ஆசை வேண்டாம். வல்லை வெளியில் வெயிலுக்குள் தள்ளுவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஸ்டனோடு மேலும் கீழும் போகும் கொன்ரொட் தண்டு உடைந்து எஞ்சின் கூட்டைக் குத்தினால் பிறகு தள்ளுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

நிறுத்தியதும் ஒயிலைப் பாருங்கள். ஹொண்டா வகை எஞ்சின்களில் அளவுக்குச்சியைத் துடைத்து, திரும்பச் செருகும்போது மரையைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஒயில் இருப்பதைவிடக் கூடக் காட்டும். குறைந்திருப்பது தெரியாமல் போய்விடும். கண்ணாடி வட்டம் உள்ள எஞ்சின்களில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். பக்கக் காலில் சரித்து வைத்துப் பார்ப்பது பிரயோசனமில்லை. இப்படி நிறுத்திய எஞ்சினைத் திரும்ப ஓடவிடாமல், ஒயில் இறங்கக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். சத்தமில்லாத சாதாரண நாளில் என்றால் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒயில் கீழே இறங்க இன்னொரு இரண்டு மூன்று நிமிடம் கொடுத்த பிறகு பார்ப்பதே சரி. இந்த எஞ்சின்களின் மொத்த ஒயிலே ஒரு லீற்றர் அளவுதான். அதில் கால் லீற்றர் குறைந்தாலும் வால்வுகள் இருக்கும் தலைப்பக்கம் காய்ந்துவிடும்.

எஞ்சினே இல்லாத எஞ்சின் சத்தங்கள்

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முந்தி என்னிடம் இருந்த 125-இல், நாற்பதில் ஓடும்போது மட்டும் 'டொக் டொக்' என்று அடித்தது. நியூட்ரலில் எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் வராது. கொண்டுபோன கராஜில் "பிஸ்டன் அடிக்குது" என்று சொல்லி, எஞ்சினை இறக்கி, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தந்தார்கள். ஒரு கிழமை வேலை. கையில் இருந்த காசும் போய், மச்சானிடம் கைமாற்றும் வாங்கினேன். எடுத்துக்கொண்டு வந்து பலாலி வீதியில் ஏறினேன். நாற்பதைத் தொட்டதும் 'டொக் டொக்'. வீட்டில் குந்தியிருந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கை வைத்தபோது, எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் பின்பக்கப் போல்ட்டின் நட்டு விரலாலேயே சுழன்றது. 14-ஆம் நம்பர் ஸ்பானரால் ஒன்றரைச் சுற்று. சத்தம் போயே போய்விட்டது.

அன்றிலிருந்து என் ஒழுங்கு இதுதான்: எஞ்சினைச் சந்தேகப்பட முதல் வெளியிலுள்ள எல்லாவற்றையும் விலக்கிவிடுவது.

திறப்புக்கொத்தைக் கழற்றுங்கள். சிரிக்க வேண்டாம், வீட்டுத் திறப்பு, கேற் திறப்பு, கடைத் திறப்பு எல்லாம் சேர்த்துக் கோர்த்த கொத்து ஹேண்டில் பூட்டில் அடிக்கிற சத்தத்தை ரப்பெட் என்று நம்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து நம்பர் தகடு, சைலன்சரின் சூட்டுத் தகடு, சேலைக் கம்பி, எஞ்சின் காட் (காவல் கம்பி), நடு ஸ்டாண்டின் ஸ்பிரிங். எஞ்சின் ஓடும்போது துணி சுற்றிய கையால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் சத்தம் அடங்கினால் ஆள் பிடிபட்டான்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆளில்லாத நேரான தெருவில் நாற்பதுக்குக் கொண்டுபோய், கிளச்சைப் பிடித்து, அக்சிலேட்டரை முழுக்க விட்டு உருள விடுங்கள். எஞ்சின் வேகம் சடாரென இறங்கும். சில்லு அதே வேகத்தில் உருளும். சத்தம் எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் எஞ்சின். சில்லோடு சேர்ந்து மெதுவாகக் குறைந்தால் செயின், சில்லு பெயரிங், பிரேக், ஸ்பீடோ கேபிள், இந்தப் பக்கம். காசு செலவில்லாத சோதனை. நான் அன்று இதையும் செய்யாமல்தான் போனேன்.

செயின் என்றால், நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான சின்னச் சைக்கிள்களுக்கு 20 முதல் 30 மி.மீ ஆட்டம் போதும். சில்லைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் செயின் ஒரே சீராக இழுபடவில்லை, மாற்றுவதுதான் வழி. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் தினமும் போய்வருபவர்களுக்குச் செயின் சீக்கிரம் வரண்டு செந்துருப் பிடிக்கும். உப்புக்காற்றுக்கு இரக்கம் கிடையாது.

எங்கிருந்து வருகிறது என்று கேட்பது

கராஜ்காரர் நீளமான ஸ்குரூட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல முறை. என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய ஊதாங்குழல். அடுப்பு ஊதிக் கறுத்த அந்தக் குழாயின் ஒரு முனையை எஞ்சினுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் பிடித்து மறுமுனையைக் காதில் வைத்தால், தலைப்பக்கம் ஒரு சத்தம், சிலிண்டர் பக்கம் ஒரு சத்தம், கிளச் மூடியில் ஒரு சத்தம் எனப் பிரிந்து கேட்கும். காற்றுக் கசிவுக்கு ஸ்குரூட்றைவரைவிட இதுதான் திறம். உள்ளே அடிக்கும் சத்தத்துக்கு ஸ்குரூட்றைவர். சாரம் கட்டியிருந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு குந்துங்கள். செயினும் சில்லும் தொங்கும் துணிக்காகக் காத்திருக்கும்.

இன்னொரு கணக்கும் உதவும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் (பிஸ்டன் சுற்றவைக்கும் அச்சு) இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் காம் (வால்வுகளைத் திறக்கும் அச்சு) ஒரு சுற்றுச் சுற்றும், ஒரு தடவை வெடிக்கும். சைலன்சர் வாய்க்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு 'பப்' கையில் படும். ஐடிலை (அக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகத்தை) இயன்றளவு குறைத்துக்கொண்டு கேளுங்கள். சத்தம் அந்தப் 'பப்'போடு ஒன்றுக்கு ஒன்றாக வந்தால் வால்வுப் பக்கம் அல்லது வெடிப்போடு சேர்ந்தது. ஒரு 'பப்'புக்கு இரண்டாக வந்தால் கிராங்கோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. பழகாத காதுக்கு முதலில் ஒன்றுமே பிரியாது. நல்ல எஞ்சின் ஒன்றில் இரண்டு மூன்று நாள் கேட்டுப் பழகினால் பிரியும்.

மேலே 'டிக் டிக் டிக்'

தையல் மெசின் மாதிரி, சீராக, ரேஸோடு கூடிக் குறையும். சூடானாலும் போகாது. இதுதான் ரப்பெட்.

வால்வை அமுக்கித் திறக்கும் ரொக்கர் கைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். சூட்டில் இரும்பு நீளும் அல்லவா, அதற்காக. அந்த இடைவெளி கூடினால் ரொக்கர் தட்டும். இந்த வகை எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.05-க்கும் 0.15 மி.மீ-க்கும் இடையில் ஒரு அளவு இருக்கும்; சிலவற்றுக்கு உள்வால்வுக்கு ஒன்று, வெளிவால்வுக்கு ஒன்று. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைத்தான் வைக்க வேண்டும். பழைய ஆட்கள் சவர பிளேட்டைச் செருகி அளவு வைப்பார்கள். பிளேட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ, ஆகவே 0.08 கேட்கிற எஞ்சினுக்கு அது ஓரளவு சரிவந்தது. 0.05 கேட்கிற எஞ்சினுக்கு அது பிழை. ஒரு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கிவிடுங்கள், பெரிய காசில்லை.

வேலை இப்படி. இரவு முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சின். பிளக்கைக் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது சுகம். மேலே இரண்டு ரப்பெட் மூடிகளையும், பக்கத்தில் மக்னெட் (கிராங் முனையில் சுற்றும் காந்தச் சில்லு) மூடியிலுள்ள இரண்டு வட்ட மூடிகளையும் திறக்க வேண்டும். மக்னெட்டை மெல்லச் சுற்றி அதிலுள்ள 'ரி' (T) அடையாளத்தைக் கூட்டிலுள்ள கோட்டுக்கு நேரே கொண்டுவருங்கள். இப்போது இரண்டு ரொக்கரையும் விரலால் ஆட்டினால் கொஞ்சம் ஆட வேண்டும். ஒன்று இறுகி நின்றால் நீங்கள் நிற்பது மற்றச் சுற்றில். இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இந்த இடத்தில் தவறி, திறந்திருக்கும் வால்வுக்கு அளவு வைத்தவர்கள் நிறையப் பேர். கேஜ் தகடு வெண்ணெய் தடவிய மாதிரி லேசாக இழுபட்டுப் போக வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது நடுத் திருகு கூடவே சுற்றும், ஆகவே திருகைப் பிடித்தபடி இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டாம் தடவைதான் சரிவரும்.

சத்தமே இல்லாமல் பண்ணித்தா என்று மட்டும் கராஜில் கேட்காதீர்கள். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் சத்தம் போகும். வால்வும் முழுக்க மூடாது. வெடித்த சூட்டுக் காற்று அந்த நீக்கலால் பாய்ந்து வெளிவால்வின் விளிம்பை எரித்துவிடும். பிறகு காலையில் எத்தனை உதை உதைத்தாலும் ஸ்ரார்ட் வராது. கொஞ்சம் தட்டுகிற ரப்பெட் நல்ல ரப்பெட்.

அளவு சரியாக வைத்தும் தட்டினால் காம் முகட்டில் அல்லது ரொக்கரின் உரசும் முகத்தில் குழி விழுந்திருக்கும். அதற்குத் திருகு மருந்தில்லை. ஒயில் குறைவாக ஓடியதன் தழும்பு அது.

ரப்பெட் மாதிரி நடிக்கும் இரண்டு பேர்

ஒருவர் சைலன்சர் மூட்டு. எஞ்சின் தலையில் சைலன்சர் குழாய் சேரும் இடத்து கஸ்கட் போய்விட்டால் 'டிச் டிச்' என்று, அச்சொட்டாக ரப்பெட் போலவே கேட்கும். வித்தியாசம், இது அக்சிலேட்டரைத் திறந்து பாரம் ஏற்றும்போது கூடும். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, உடனே சைலன்சர் வாயை மடித்த ஈரத்துணியால் ஒரு கணம் அடையுங்கள். கசிவு இருந்தால் மூட்டில் 'புஸ்' என்று பெரிதாகும். கஸ்கட் மலிவு. அதைப் பிடிக்கும் இரண்டு ஸ்ரட்டும் உப்பில் ஊறித் துருப்பிடித்திருந்தால் கவனம்: முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முறித்தால் கஸ்கட் வேலை லேத் வேலையாக மாறிவிடும்.

மற்றவர் பிளக் தொப்பி. மாரியில் வருவார். தொப்பியில் வெடிப்பு இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் தலைக்குப் பாயும், அந்தப் பாய்ச்சலே 'டிக் டிக்' என்று கேட்கும். கூடவே எஞ்சின் இடையிடையே தட்டுத் தடுமாறும். இருட்டில் லைட் போடாமல் பார்த்தால் நீலப் பொறி தெரியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் 'சல சல'

காலையில் ஸ்ரார்ட் பண்ணிய முதல் சில வினாடிகளில், அல்லது ரேஸ் பண்ணிவிட்டு அக்சிலேட்டரைப் படாரென விடும்போது, பேணிக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வந்தால் ரைமிங் செயின், அதாவது எஞ்சினுக்குள் கிராங்கிலிருந்து காமைச் சுற்றும் செயின். சிலிண்டரின் ஒரு பக்கமாக, மேலிருந்து கீழ்வரை கேட்கும். ரப்பெட் போல ஓரிடத்தில் நிற்காது.

செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம், வழிகாட்டி றப்பர் தேய்ந்திருக்கலாம், செயினை இறுக்கி வைக்கும் ரென்சனர் பிடிக்காமல் விட்டிருக்கலாம். மூன்றில் மலிவானது ரென்சனர். அதைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். தள்ளுகோல் வெளியே வந்த பிறகு விரலால் அமுக்கினால் உள்ளே போகவே கூடாத வகையும் உண்டு, எண்ணெய் அழுத்தத்தால் மெல்லப் போகிற வகையும் உண்டு. எந்த வகையானாலும் லொடலொடவென்று போய்வந்தால் அது முடிந்துவிட்டது. செயினே நீண்டிருந்தால் செயின், இரண்டு பற்சில்லு, வழிகாட்டி எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் சில மாதத்தில் திரும்பவும் அதே சல சல.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். செயின் ஒரு பல் தாண்டினால் இழுவை போகும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் குத்தக்கூடும்.

பாரம் ஏற்றினால் 'கிணு கிணு'

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்களுக்கு மலை என்பது எதிர்காற்றுத்தான். சோளகம் வீசும் மாதத்தில் பின்னுக்கு ஒருவரையும் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போங்கள். நாலாம் கியரில், முப்பதுக்குக் கீழே, அக்சிலேட்டரை முழுக்க முறுக்குங்கள். கண்ணாடிச் சில்லுகளைக் குலுக்குகிற மாதிரி 'கிணு கிணு' என்று கேட்டால், பெற்றோல் நேரம் தப்பி வெடிக்கிறது. நொக்கிங் என்பது இதைத்தான். ஒரு கியர் இறக்கினால் நின்றுவிடும், அதுவே சோதனை.

இந்தச் சத்தத்தை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். 1990-களின் முதற்பாதி, யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் என்பது மருந்து மாதிரி. ஊசி போடும் சிறிஞ்சால் சில துளி காபரேட்டருக்கு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாமாவின் எம்.டி. 90 ஒழுங்கைக்குள் திரும்ப முதலே கிணுகிணுப்பும் வெள்ளைப் புகையும் அவர் வருகையை அறிவித்துவிடும். ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த அந்தச் சைக்கிள் எப்படித்தான் அதையும் தாங்கியதோ. மண்ணெண்ணெயின் ஒக்டேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு) மிகக் குறைவு, அதனால் சூட்டிலும் அழுத்தத்திலும் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேர முதலே தானே பற்றிக்கொள்ளும். எரியாத மிச்சம் ரிங் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். மாமா அடிக்கடி ஒயில் மாற்றியதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

2022-இல் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது அதே சத்தம் திரும்பி வந்தது. போத்தலில் வாங்கிய பெற்றோலில் என்ன கலந்திருந்தது என்று யாரும் சொல்லவில்லை, எஞ்சின் சொன்னது.

இப்போது கேட்டால், முதலில் நம்பிக்கையான பெற்றோல் செற்றில் ஒக்டேன் 92 புதிதாக அடித்து ஓடிப் பாருங்கள். போகாவிட்டால் எஞ்சின் தலைக்குள் படிந்த கரி, சூடு கூடிய பிழையான பிளக், காபரேட்டருக்கும் தலைக்கும் நடுவிலுள்ள றப்பர் வெடித்துக் காற்று இழுப்பது, இக்னிஷன் நேரம், இந்த ஒழுங்கில் பார்க்கலாம். பாரத்துக்கு ஏற்ற கியரில் ஓடாத பழக்கமும் ஒரு காரணம். கியரை இறக்கினால் பெற்றோல் கூடக் குடிக்கும் என்று பிடிவாதமாக நாலாம் கியரிலேயே இழுக்கிறவர்கள், மிச்சம் பிடித்த பெற்றோல் காசைப் பிஸ்டனுக்குக் கொடுக்கிறார்கள்.

அடியில் 'டொக் டொக்'

இங்கேதான் மூன்று பேரைப் பிரித்தறிய வேண்டும். ஒருவர் சாது, ஒருவர் நடுவில், ஒருவர் எமன்.

சாது பிஸ்டன். தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் சரிந்து சுவரில் தட்டும். குளிர்ந்திருக்கும்போது மண்பானையை விரலால் சுண்டின மாதிரி வெறுமையான 'டொக் டொக்'. இரண்டு மூன்று நிமிடத்தில் பிஸ்டன் சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும். நீலப் புகையும் ஒயில் குறைவதும் இல்லாவிட்டால் இதோடு நீண்ட காலம் ஓடலாம். புகையும் சேர்ந்தால் போர் பண்ணும் காலம் வந்துவிட்டது.

நடுவில் உள்ளவர் பிஸ்டன் பின். ஐடிலில் இரட்டைத் தட்டாக, கூர்மையாக, 'டக்டக்... டக்டக்' என்று கேட்கும். சூடானாலும் போகாது.

எமன் கொன்ரொட்டின் கீழ்ப் பெயரிங். கனமான, மந்தமான சத்தம். சூடாகி ஒயில் இளகும்போது கூடும். சீரான ரேஸில் பிடித்திருந்து அக்சிலேட்டரைத் திறக்கும் அந்தக் கணத்தில் பெரிதாக அடிக்கும். கால்மிதியில் வைத்த பாதத்துக்கே தெரியும். நான் முதலில் சொன்ன 'உடனே நிறுத்து' இவருக்காகத்தான். எஞ்சினைத் திறந்த பிறகு சிலிண்டரைக் கழற்றிவிட்டு ரொட்டைப் பிடித்து நேரே மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. அதைக் காட்டி "ரொட் போட்டுது" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த வேலைக்குச் சம்மதிக்க முதல் மக்னெட் மூடியைத் திறந்து நடு நட்டை ஒருக்கால் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மக்னெட் கிராங்கில் தளர்ந்தாலும் கொன்ரொட் போலவே அடிக்கும். எஞ்சின் மவுண்ட் போல்ட் கதையை மறக்காதீர்கள்.

ஒயிலை வடிக்கும்போது கறுத்தத் தகரத்துக்குள் விடாமல் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சரித்துப் பாருங்கள். என்னிடம் விளிம்பு உடைந்த ஒன்று இதற்கென்றே இருக்கிறது, மனைவி அதை அடுக்களைப் பக்கம் விடமாட்டா. வெள்ளி நிறத்தில் மினுங்கினால் அலுமினியம், பிஸ்டன் அல்லது தலை தேய்கிறது. மஞ்சளாக மினுங்கினால் புஷ், அதாவது அச்சைத் தாங்கும் வளையம். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கோப்பைக்கு அடியில் வைத்து நகர்த்தினால் கூடவே ஊருவது உருக்கு: கியர், பெயரிங், ரைமிங் செயின். நுண்ணிய மாவு போலச் சிறிது இருப்பது பரவாயில்லை. விரலில் குத்துகிற சிராய் இருந்தால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மாரி வெள்ளத்துக்குள் இறக்கினீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

கிளச்சைப் பிடித்தால் மாறும் சத்தம்

நியூட்ரலில் நின்று கிளச்சைப் பிடித்து விடுங்கள். விட்டபடி இருக்கும்போது 'கட கட', பிடித்ததும் அமைதி என்றால் கிளச் கூட்டின் ஸ்பிரிங், றப்பர் தளர்ந்திருக்கிறது. கொஞ்சம் என்றால் விடலாம். கடகடப்பாக இல்லாமல் 'ஊ' என்ற இரைச்சல் பிடித்ததும் அடங்கினால் கியர்பெட்டிப் பெயரிங். பிடிக்கும்போது மட்டும் 'கிறீச்' என்றால் கிளச்சைத் தள்ளும் சின்னப் பெயரிங், மலிவு வேலை. பிடித்தாலும் விட்டாலும் மாறாமல் ரேஸோடு ஏறுகிற 'ஊ', கால்மிதி வரைக்கும் அதிர்ந்தால், கிராங்கின் பக்கப் பெயரிங்.

காருக்கு விடுகிற ஒயிலை விட்டுவிட்டு "கிளச் வழுக்குது, சத்தமும் மாறிப்போச்சு" என்று வருபவர்களும் உண்டு. எங்கள் கிளச் ஒயிலுக்குள் கிடப்பது. போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் தடிப்பில் வாங்குங்கள்.

சில்லறைச் சத்தங்கள்

செல்ஃபில் ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் 'கர்ர்', உதைத்தால் இல்லை: செல்ஃபின் ஒருவழிக் கிளச். அக்சிலேட்டரை விடும்போது சைலன்சருக்குள் 'பட பட': சைலன்சர் மூட்டில் காற்று, அல்லது பெற்றோல் குறைவாகப் போகும் காபரேட்டர். கராஜிலிருந்து வந்த அன்றைக்கே புதுச் சத்தம்: அவர்கள் எதைக் கழற்றினார்களோ அதில் தேடுங்கள்.

டியோ போன்ற ஸ்கூட்டிகளில் சில்லை இழுக்கும் செயினும் காலால் மாற்றும் கியரும் இல்லை. இடப்பக்க மூடிக்குள் பெல்ட்டும் றோலரும். ஐடிலில் 'கட கட' என்றால் றோலர்கள் ஒருபக்கம் தட்டையாகித் தேய்ந்திருக்கும். புறப்படும்போது 'கிறீச்' என்று உதறினால் கிளச் மணியில் தூசி. பெல்ட்டில் வெடிப்புக் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள், அறுந்தால் நடுத்தெருவில் நிற்கத்தான் வேண்டும்.

கராஜுக்குப் போகும்போது

சில சத்தங்கள் மெக்கானிக்கைக் கண்டதும் ஒளித்துக்கொள்ளும். அதனால் வீட்டிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்ரார்ட்டிலிருந்து ஒரு நிமிடம், சூடான பிறகு ஒரு நிமிடம், போனை எஞ்சினிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து. குளிரில் மட்டும் வருகிற சத்தம் என்றால் முதல் நாள் பின்னேரமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள், காலையில் அவர்களே முதல் ஸ்ரார்ட் எடுக்கட்டும்.

"ரப்பெட் போட்டுது அண்ணை" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்; சொன்னால் ரப்பெட்டைத்தான் பார்ப்பார்கள். எப்போது வருகிறது, எப்போது போகிறது, கடைசியாக ஒயில் மாற்றி எத்தனை கிலோமீற்றர் ஓடியது, இவ்வளவும் போதும். எஞ்சினைத் திறப்பதென்றால், எதை எதிர்பார்த்துத் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். என் 125-இன் அந்தப் பழைய பிஸ்டனும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். ஒரு கீறலும் இல்லை.